நாலு சுழி மானியம்

தெருவில் அவரைக் கால்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஆளும் குள்ளம், முதுகில் லேசான வளைவு. பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. கடைப் பலகையோ மருந்துச் சீட்டோ, எதுவும் அதனிடமிருந்து தப்பியதில்லை.

மனைவி தையல் வேலை செய்தாள். தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து கரண்ட் பில்லை ஏற்றிக்கொண்டே போனதால், மொட்டை மாடியில் சோலார் போடுவது என்று அவள்தான் முடிவெடுத்தாள். போட்டாயிற்று. ஆறு பேனல். சேமிப்பு காலி. செலவில் ஒரு பங்கு மானியமாகத் திரும்பி வரும் என்றார்கள். அறுபதாயிரம். அதை நம்பி அவள், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தாள். மாதக் கடைசிவரைதான் வைத்திருப்பேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். துணி வெட்டும் மேசையின் ஓரத்தில், தையல் சாக்கட்டியால் ஒரு ஆறு எழுதி, பக்கத்தில் நாலு சுழி போட்டு வைத்தாள். அதன்மேல் துணி விரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் இருவரும் மானிய அலுவலகத்துக்குப் போனார்கள். எழுத்தர் அம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். விண்ணப்பத்தையும் கரண்ட் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சார், பேர் ஒத்துவரலையே. பில்லுல ள இருக்கு. நீங்க ழ போட்டிருக்கீங்க.”

“என் பேருல ழதான் மேடம். பில்லுல இருக்கறது பிழை.”

“அது எனக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா கம்ப்யூட்டர் உள்ள விடாது.”

“அப்ப பில்லை மாத்தச் சொல்லுங்க.”

“அது மின்சார ஆபீஸ். மனு கொடுங்க. மூணு மாசம் ஆகும்.”

கால்புள்ளி சிரித்தார். அந்த வீட்டுக்குக் குடிவந்து பதினேழு வருடம். வருடத்துக்கு ஒரு மனு. பதினேழு மனுவிலும் ஒரு பிழை கிடையாது. ஒரு பதிலும் கிடையாது.

“பேசாம ள போட்டே கையெழுத்தும் போட்டுடுங்க சார். ஒரு எழுத்துதானே?”

அச்சகத்தில் இப்படிச் சொன்னவர்களோடு அவர் ஒரு வாரம் பேசமாட்டார்.

“ழ போட்டா அழகுன்னு அர்த்தம் மேடம். ள போட்டா அர்த்தமே கிடையாது.”

“இத்தனை வருஷமா உங்க அழகு அந்த ஒரு எழுத்துலதான் தொங்கிட்டு இருந்துச்சா?” என்றாள் மனைவி. “போடுங்க.”

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். கை தானாக ழகரத்துக்குப் போயிற்று. இரண்டு படிவம் வீணானது. மூன்றாவதில் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஊசிக்கு அடியில் துணியை நகர்த்துவதுபோல நகர்த்தினாள். கையெழுத்துப் போடும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

பத்து நாள் கழித்து மெசேஜ் வந்தது. பெயர் பொருந்தவில்லை. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

மறுபடியும் போனார்கள். எழுத்தர் அம்மாள் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“என்ன சார் இது? பில்லுல ழ இருக்கு. நீங்க ள போட்டிருக்கீங்க.”

இடைப்பட்ட நாளில் சோலாருக்காகப் புது மீட்டர் மாட்டும்போது, மின்சார அலுவலகத்தில் யாரோ பழைய ஃபைலைத் திறந்திருக்கிறார்கள். பதினேழு மனுவையும் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கால்புள்ளி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடம், அதைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்க.”

“பதினேழு மனு கொடுத்தீங்களா?” என்றாள் மனைவி.

“ஆமா.”

“பதினாறோட நிறுத்தியிருக்கக் கூடாதா?”

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. எழுத்தர் அம்மாளுக்கே இரக்கம் வந்துவிட்டது. ழகரத்தில் இருப்பவரும் ளகரத்தில் இருப்பவரும் ஒரே ஆள் என்று உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றார். அவரே தட்டச்சு செய்து நீட்டினார். கால்புள்ளி படித்தார். ‘இருவரும் ஒறுவரே’ என்றிருந்தது. சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற.

கை சட்டைப்பைக்குப் போயிற்று. பை காலி. சிவப்புப் பேனாவைக் கிளம்பும்போதே மனைவி எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் அவள் செருப்பு அவர் காலை மிதித்தது.

“ஏதாவது தப்பா இருக்கா சார்?”

செருப்பு அழுத்தியது.

“இல்ல மேடம்,” என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன பெரிய பொய் அது. ஒரு இடத்தில் ழ, ஒரு இடத்தில் ள. இரண்டு கையெழுத்தும் போட்டார்.

மாதக் கடைசி நாள். அவர் மாடியில் பேனல்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. மெசேஜைப் படித்தார். ‘உங்கள் மாணியம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.’ முகம் தொங்கிப்போயிற்று. படி இறங்கி வந்தார்.

மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். “என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?”

“மானியத்துக்கு மெசேஜ் வந்திருக்கு.”

“வந்திடுச்சா!”

“மூணு சுழி போட்டிருக்கான்.”

கத்தரி நின்றது.

“மூணா? நாலுல்ல வரணும்?”

“நாலு சுழியில ஏது எழுத்து? ரெண்டுதான் வரணும்.”

“ரெண்டா? அறுநூறா?” அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “ஆறு பேனல் போட்டதுக்கு அறுநூறா?”

“எவ்வளவா இருந்தா என்ன? மானியத்துக்கு ரெண்டு சுழி ன. இவன் மூணு சுழி ண போட்டிருக்கான்.”

அவள் போனைப் பிடுங்கினாள். மேசையில் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் வைத்து, மெசேஜின் கடைசியில் இருந்த தொகையை ஒவ்வொரு சுழியாக விரலால் தொட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இன்னொரு முறை எண்ணினாள். பிறகு ஈரத் துணியால் சாக்கட்டி எழுத்தைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் துணியை விரித்தாள்.

“இதுக்கு ஒரு மனு எழுதியே ஆகணும்,” என்றார் கால்புள்ளி.

“தாராளமா எழுதுங்க.”

“என் பேனாவைக் கொடு.”

“பேனாவா?” அவள் கத்தரியை எடுத்தாள். “அது ஓவர்லாக் மெஷினோட சேர்ந்துதான் வரும். கிளம்புங்க, கடை மூடறதுக்குள்ள.”