நாற்பத்தேழில் ஒன்று

சித்திரைத் தேர் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஸ்ரீரங்கம் ஆயிரங்கால் மண்டபத்தின் எதிரே நின்று, தூணைக் காணவில்லை என்று சொன்னார் தர்மராஜ். சிரிக்காதீர்கள். அறுபது வயது மனிதர், முக்கொம்புப் பக்கம் மூன்று ஏக்கரில் வாழை வைத்திருப்பவர், பொய் சொல்லத் தெரியாதவர். அவருக்கு அந்தத் தூண் நிஜமாகவே வேண்டியிருந்தது.

காவலுக்கு நின்ற ஆண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"செருப்பக் காணோம்பாங்க, பர்ஸக் காணோம்பாங்க, கூட வந்த பாட்டியக் காணோம்பாங்க. தூணக் காணோம்னு வந்த முதல் ஆளு நீங்கதான்."

"இங்கதாங்க இருந்துச்சு. ஏகாதசியப்போ இதுலதான் சாஞ்சுகிட்டு நின்னோம்."

அந்த 'நின்னோம்' என்பதில்தான் கதையே இருக்கிறது. தர்மராஜின் மனைவி இறந்து ஆறு வருஷம். மகன் துவாக்குடியில் வேலை, அங்கேயே குடித்தனம். மனிதர் தனியாகப் பொங்கி, தனியாகத் தின்று, வாழையோடு பேசிக்கொண்டிருந்தார். போன மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு வந்தபோது, பக்கத்தில் நெரிசலில் ஒரு அம்மாளுக்குத் தலை சுற்றியது. தர்மராஜ் இரண்டு கையையும் தூணில் ஊன்றி, முதுகால் கூட்டத்தைத் தாங்கி, அவளுக்கு மூச்சுவிட இடம் பண்ணிக் கொடுத்தார். அவள் மயிலம்மாள். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், ஒரே மகள் ரஞ்சனியைக் கட்டிக் கொடுத்தாயிற்று.

"ஊர்ல விழுறவங்களையெல்லாம் தூக்குறவ, நானே விழப் பாத்தேன் பாருங்க" என்று அவள் சிரித்ததில் தர்மராஜ் விழுந்துவிட்டார். அதற்கப்புறம் இராப்பத்துத் திருநாள் நடந்த பத்து நாளும், சொல்லி வைத்துக்கொள்ளாமலே இருவரும் அதே தூணடிக்கு வந்தார்கள். அவள் புளிசாதம் கொண்டுவருவாள். அவர் பூவன் பழம். பெருமாளைச் சேவித்த நேரம் கொஞ்சம், பேசிய நேரம்தான் அதிகம். பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைசி நாள் தர்மராஜ் கேட்டே விட்டார். "மிச்ச காலத்துக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருந்துக்குவோமா?"

மயிலம்மாள் கையிலிருந்த பழத்தை வெகுநேரம் உரித்தாள்.

"மகளக் கேக்கணும். அதுக்கு முன்னாடி என்னைய நானே கேக்கணும். சித்திரைத் தேருக்கு மறுநாள், பன்னெண்டு மணிக்குள்ள இதே தூணுக்கு வரேன். வரலேன்னா இஷ்டமில்லேன்னு வெச்சுக்கங்க. ஆஸ்பத்திரிக்கெல்லாம் தேடி வந்துடாதீங்க."

"நான் வரலேன்னா?"

"மனசு மாறிட்டீங்கன்னு நான் வெச்சுக்குவேன்."

போன் நம்பர் கேட்டதற்கு, "போன்ல முடிக்கிற பேச்சா இது? கல்லுத் தூணு எங்க ஓடிடப் போவுது?" என்றாள்.

ஓடித்தான் போயிருந்தது. இப்போது பார்த்தால் மண்டபத்துக்கு முன்னால் வெறும் மணல்வெளி.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த ஆண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

"அது கல்லே இல்லீங்க, மரம்! பேருதான் ஆயிரங்காலு. கல்லுல தொள்ளாயிரத்து அம்பத்து மூணுதான்னு சொல்லுவாங்க. ஏகாதசி வந்தா மீதி நாப்பத்தேழுக்கு மரத்த நட்டு ஆயிரமாக்குவாங்க. துணி சுத்தியிருந்ததுல உங்களுக்குத் தெரியல. திருநாள் முடிஞ்சதும் பிடுங்கியாச்சு."

பல நூறு வருஷமாக நிற்கிற தூண்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்க, இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துப் பொறுக்கியது, ஒரு மாதம்கூட நிற்காத ஒரு கழியை! தர்மராஜுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. அவளும் வந்து தேடுவாள். தூணும் இல்லை, ஆளும் இல்லை என்றால் மனசு மாறிவிட்டார் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவாள். அவரும் அவளைத் தேடிப் போக முடியாது. ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாதென்று அவளே சொல்லியிருக்கிறாள்.

தேர் பார்க்க வந்த கிராமத்து ஜனம் நிழல் கண்ட இடமெல்லாம் மூட்டை முடிச்சோடு படுத்திருந்தது. அதற்குள் ஒரு மயிலம்மாளை எங்கே கண்டுபிடிப்பது? தர்மராஜ் யோசித்தார். அந்தத் தூணில் சாய்ந்தால் எதிரே சேஷராயர் மண்டபம் தெரியும். அங்கே ஒவ்வொரு தூணிலும் ஒரே கல்லில் செதுக்கிய குதிரை, முன்காலைத் தூக்கிக்கொண்டு பாயும். மேலே வீரன், கீழே அவன் ஈட்டிக்கு எகிறும் மிருகம். அதில் ஒரு குதிரையின் வயிற்றுக்கடியில் தூணடியிலிருந்து பார்த்தால் அடுத்த குதிரையின் முகம் முழுசாகத் தெரியும் என்று மயிலம்மாள்தான் காட்டினாள். "தாய்க்குப் பின்னாடி குட்டி எட்டிப் பாக்குற மாதிரி இல்ல?" என்றாள்.

தர்மராஜ் மணலில் இறங்கினார். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார், முகம் பாதி மறைந்தது. பின்னால் வந்தார், காது மட்டும் தெரிந்தது. குனிந்தும் நிமிர்ந்தும் அவர் பண்ணிய கூத்தை நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் முகம் முழுசாகத் தெரிந்தது. தூண் இருந்த இடம் அதுதான் என்று அங்கேயே நின்றுவிட்டார்.

பத்தரைக்கே மணல் கொதித்தது. கோயிலுக்குள் செருப்பு ஏது? தோள் துண்டை மடித்துக் காலடியில் போட்டார். அது கால் மணி நேரத்துக்குத்தான் தாங்கியது. ஆண்டி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். ஊற்றிய சுவடு தெரியாமல் காய்ந்தது.

"நெழலுக்கு வாங்க சாமி. வந்தா நான் கூப்புடுறேன்."

"உனக்கு அவங்களத் தெரியாதுப்பா. அங்க உக்காந்தா கூட்டத்துல நானும் ஒருத்தன். இங்க நின்னாத்தான் கண்ணுல படுவேன்."

பன்னிரண்டு அடித்தது. தர்மராஜ் நகரவில்லை. பன்னிரண்டே கால். வரமாட்டாள் என்று புத்தி சொன்னது. கால் மட்டும் கேட்கவில்லை. அவளுக்கு இஷ்டமில்லை என்றால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்துப் பார்த்தார். நினைத்துக்கொண்டே கண்ணால் கூட்டத்தைத் துழாவினார். இந்த வயதில் ஒருத்திக்காக இப்படி ஏங்குவது வெட்கமாகவும் இருந்தது, அந்த ஏக்கத்தை விடவும் மனசில்லை.

"ஏங்க! பைத்தியமா உங்களுக்கு?"

மயிலம்மாள் மணலில் ஓடிவந்தாள். முகமெல்லாம் வியர்வை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிழலுக்கு நடந்தாள்.

"ஒம்பதரைக்கே வந்துட்டேன். மண்டபத்துக்குள்ளயே கல்லுத் தூணா பாத்துப் பாத்து மூணு சுத்து சுத்திட்டேன். எந்தத் தூணும் அது மாதிரி இல்ல. நீங்களும் இல்ல. பன்னெண்டும் அடிச்சிருச்சு. சரி, அவ்வளவுதான்னு கெளம்பிட்டேன். திரும்பிப் பாத்தா இந்த வேகாத வெயில்ல ஒரு ஆளு."

"அது மரத்தூணாம் மயிலம்மா. பிடுங்கிட்டாங்களாம்."

"அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல காலக் காட்டுங்க."

அவரை உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கால் சிவந்து, குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. சுற்றிலும் அத்தனை ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. தர்மராஜ் கூச்சத்தில் காலை இழுத்தார். அவள் விடவில்லை.

பக்கத்தில் பேரப்பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்த கிராமத்து அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அடப்பாவமே. உங்க வீட்டுக்காரரா தாயி?"

மயிலம்மாள் தலை நிமிரவில்லை.

"ஆமாங்க" என்றாள். "கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க."

தர்மராஜுக்கு அழுகை வந்துவிட்டது. கால் எரிச்சலாக்கும் என்று அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.