துணியில் தங்கியவை

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துத் தன்யகுமார் ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். சால்வை, மாலை, சுவர்க் கடிகாரம் இவற்றுக்குத்தான் அவர் தயாராகப் போயிருந்தார். பெட்டியைத் திறந்தால் சிவப்பு நிறத்தில், சோப்பு டப்பா அளவில் அது இருந்தது.

"தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாது சார். கை தவறி விட்டாலும் ஒடையாது. நீங்க ஊர் சுத்தறதுக்குன்னே பார்த்து வாங்கினோம்" என்றார் வரைபடப் பிரிவில் இருக்கும் இனியன்.

ஊர் சுற்றும் ஆசை தனக்கு இருப்பதாகத் தன்யகுமார் யாரிடமும் சொன்னதில்லை. மலையடிவாரத்தில், வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும், கேமராவோடு இருந்த நூற்றுத் தொண்ணூறு பக்கக் கையேட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் படிப்பார். அதில் சொன்னதைச் செய்து பார்ப்பார். நோட்டில் தேதி போட்டு எழுதுவார். அப்புறம்தான் அடுத்த பக்கம்.

முதல் வாரம் முழுக்க மொட்டை மாடியில் நின்று மலையை எடுத்தார். ஒரு படத்தில் மலை நீலமாக இருந்தது. அடுத்ததில் செங்கல் நிறம். இன்னொன்றில் மலையே காணோம், வெறும் வெள்ளை. எல்லாவற்றையும் மனைவி கனகலதாவிடம் காட்டினார்.

"எல்லாத்துலயும் மலைதானே இருக்குது?" என்றாள் அவள்.

"நல்லா பாரு. இது வேற, அது வேற. இதுல வெளிச்சம் ஜாஸ்தி, இதுல கம்மி."

"பார்த்தேன். இட்லி ஆறுது, வாங்க."

இரண்டாவது வாரம், பட்டனை அழுத்திவிட்டு ஓடிப்போய் நிற்கும் பாடம். துணி துவைக்கும் கல்மேல் கேமராவை வைத்து, கனகலதாவை முருங்கை மரத்தடியில் நிறுத்தி, அழுத்திவிட்டு ஓடினார். பத்து விநாடி போதவில்லை. படத்தில் கனகலதா அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருடைய ஒரு செருப்பு மட்டும் அந்தரத்தில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அன்று முழுக்கச் சிரித்தாள்.

ஆனால் கேமராவை அவள் கையில் தருவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. "நாப்பத்தோராவது பக்கம்தான் முடிஞ்சிருக்குது. முழுசா தெரிஞ்சிக்கிட்டு உனக்குச் சொல்லித் தரேன்" என்று அலமாரியில் வைத்துவிடுவார்.

கனகலதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு வேலைகள் இருந்தன. இரண்டு பேருமே ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர்கள் என்றாலும், வழக்கங்களை விடாமல் வைத்திருந்தது அவள்தான். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டாள். தண்ணீரை வடிகட்டாமல் புழங்கமாட்டாள். வீட்டுக் கொல்லையில், அந்த இடம் வயலாக இருந்த காலத்துக் கிணறு ஒன்று இருந்தது. அதில் இறைத்த தண்ணீரை, இரண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீரையே அதன்மேல் மெல்ல ஊற்றி, துணியில் தங்கியதை ஒரு கிண்ணத்தில் சேர்ப்பாள். அதைச் செம்பில் ஊற்றிக் கயிற்றில் இறக்கி, கிணற்றுத் தண்ணீரைத் தொட்டதும் செம்பைச் சாய்த்துவிடுவாள். மேலேயிருந்து ஊற்றினால் அதிலிருக்கும் உயிர்கள் அடிபட்டுப் போகும் என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தாள். அந்த உயிர்களை அம்மாவும் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

கல்யாணமான புதிதில், அப்போது இருந்த வாடகை வீட்டுக் கிணற்றடியில் தன்யகுமார் ஒருமுறை கேட்டிருக்கிறார், "அதுல இன்னா இருக்குதுன்னு இவ்ளோ பத்திரமா எறக்கற? தூசிதானே?" அவள் செம்பைச் சாய்ப்பதிலேயே கவனமாக இருந்தாள். அவரும் அப்புறம் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட தன்யகுமார் ஆபீசுக்குப் போயிருந்தார். கேமரா மேஜைமேலேயே இருந்தது. கனகலதா அதைக் கையில் எடுத்தாள். மேலே வட்டமாக ஒரு திருகு இருந்தது. அதில் சின்னச் சின்னப் படங்கள். பூ, ஓடும் மனிதன், நிலா. ஒரு படம் மைக்ரோஸ்கோப் மாதிரி இருந்தது. அதில் கொண்டுபோய் நிறுத்தினாள். கேமராவின் கண்ணாடியைச் சுற்றி வளையமாக வெள்ளை விளக்கு எரிந்தது.

சமையலறையில் சிந்தியிருந்த உப்பின்மேல் பிடித்தாள். திரையில் பெட்டி பெட்டியாகக் கண்ணாடிக் கட்டிகள். பயந்து கையை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தாள். அவ்வளவும் உப்பு. ஒவ்வொன்றும் நாலு மூலையும் சரியாக வெட்டினமாதிரி. ரவை உடைந்த பாறையாக இருந்தது. கறிவேப்பிலையில் பச்சை ஆறுகள் ஓடின. புடவைத் தலைப்பின் நூல் தேர்வடம்போல முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவள் வீடு முழுக்கப் போனாள். எதைத் தொட்டாலும் அதற்குள் வேறொன்று இருந்தது.

அப்படியே கொல்லைக்கு வந்தாள். மதியம் துணியை அலசிச் சேர்த்த கிண்ணம் இன்னும் கிணற்றடியிலேயே இருந்தது. அடியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். வருடக்கணக்காகப் பார்த்த புள்ளிகள்தான். குந்தி உட்கார்ந்து, கேமராவைத் தண்ணீருக்குச் சற்று மேலே பிடித்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் ஏதோ துள்ளி ஓடியது. முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். அது திரும்பி வந்தது. கண்ணாடியில் செய்தமாதிரி உடம்பு. நெற்றியில் ஒரே ஒரு கறுப்புக் கண். கிளை கிளையாகப் பிரிந்த இரண்டு கைகள். கையை வீசும்போதெல்லாம் ஒரு குதி குதித்து மேலே போனது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் மெல்லிய வாலோடு வேறு சாதி ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு.

தன்யகுமார் வீட்டுக்கு வந்தபோது அவள் அங்கேயேதான் இருந்தாள்.

"கேமராவ எடுத்தியா? எண்பத்தேழாம் பக்கம் அது, இன்னும் நான் அங்க போகவே..."

"ஏங்க, கத்தாதீங்க. இங்க வந்து பாருங்க."

அவர் அவள் பக்கத்தில் குந்தினார். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நம்ம கெணத்துத் தண்ணியா?"

"நம்ம துணியில இருந்தது."

அவர் கிண்ணத்தை வெறுங்கண்ணால் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கையேட்டை எடுத்துவந்து, நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வைத்திருந்த அடையாளக் காகிதத்தை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, வீடியோ என்ற இடத்துக்கு நேராகப் புரட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் எடுத்து வைத்தார்கள். அந்தச் சொட்டுக்குள் ஒரே ஒரு உயிர், நீந்த இடமில்லாமல் ஒருக்களித்துக் கிடந்தது. பெரிதாக்கும் பட்டனை அவர் இரண்டுமுறை அழுத்தினார். அதன் முதுகுப் பக்கம், தோலுக்குள்ளே, ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அது இன்னாங்க?" என்றாள் கனகலதா.

தன்யகுமார் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார். நாடி பார்ப்பதுபோல.

"நெஞ்சு அடிக்குது லதா" என்றார்.

ஒரு நிமிடம் எடுத்ததும் அந்தச் சொட்டைக் கிண்ணத்திலேயே கவிழ்த்தார்கள். அடுத்ததை எடுத்தார்கள். ஒன்றின் முதுகில் நான்கு முட்டைகள், ஒவ்வொன்றிலும் கறுப்பாகக் கண் வந்திருந்தது. பிறக்காததற்கும் கண். கனகலதா வாய்மேல் கை வைத்துக்கொண்டாள். வெளிச்சம் போதவில்லையே என்று அவர் நிமிர்ந்தபோதுதான் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி வெகுநேரமாகிவிட்டது தெரிந்தது. அடுப்பில் சாதம் வடித்தது வடித்தபடியே இருந்தது. சாப்பிடும் நேரம் போய்விட்டது.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

ஆபீஸ் காலத்தில் இருட்டியபின் எத்தனையோ நாள் சாப்பிட்டவர்தான். "வேணாம், எனக்கும் பசி இல்ல" என்றார். கிண்ணத்திலிருந்ததைக் கிணற்றில் சேர்த்துவிட்டு, இருவரும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை கனகலதா தண்ணீர் வடிகட்டினாள். துணியைத் திருப்பி அலசினாள், கிண்ணத்திலிருந்ததைச் செம்பில் ஊற்றிக் கிணற்றில் இறக்கினாள். துணியைக் கொடியில் போடப் போனவள் நின்றாள். கேமராவைக் கொண்டுவந்து ஈரத்துணிமேல் பிடித்தாள்.

நூல்களுக்கு நடுவே ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை மட்டும் அசைந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. அது அசையவில்லை.

அவள் துணியோடு அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தன்யகுமார் வந்து பார்த்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"முப்பது வருஷம்" என்றாள். "தினமும் இப்படித்தான் துணிய வெயில்ல காய வெச்சேன். காப்பாத்தறேன்னு நெனச்சிக்கிட்டே காய வெச்சிருக்கறேன்."

ஆறுதலாக எதைச் சொன்னாலும் அவள் அதை ஏற்கமாட்டாள். அவர் துணியை அவள் கையிலிருந்து வாங்கி ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டார்.

"ஊத்து" என்றார்.

அவள் ஊற்றினாள். அவர் கேமராவை வைத்துத் துணி முழுக்கப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு இருக்குது. இந்தப் பக்கம் ஊத்து." மூன்றாவது முறை அலசியபிறகுதான் துணி வெறும் நூலாக இருந்தது. அசையாமல் கிடந்ததுகூடத் தண்ணீர் பட்டதும் கையை வீசிக்கொண்டு கிண்ணத்துக்குள் போனது. அதை அவர்கள் இருவருமே பார்த்தார்கள். கனகலதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து துணிக்கு மூன்று அலசல். இரண்டு பேர் வேலை.

பக்கத்து வீட்டில் அன்புச்செல்வி இருந்தாள். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. காலையில் பெரியவர்கள் இருவரும் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதை நான்கு நாள் மதில்மேலாகப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டேவிட்டாள்.

"இன்னா மாமி, சல்லடை போட்டுத் தேடறீங்க? தோடு எதுனா விழுந்துடுச்சா?"

தன்யகுமார் கேமராவை நீட்டினார். வீடியோ ஓடியது. அன்புச்செல்வியின் முகம் மாறியது.

"ஐயோ, இது டாஃப்னியா! தண்ணித் தெள்ளுப்பூச்சின்னு சொல்வோம். இது எங்க எடுத்தது?"

"இங்கதான்."

"பதினஞ்சு வருஷமா போர்டுல படம் போட்டு, கண்ணு, குடல், இதயம்னு பேர் எழுதிட்டிருக்கறேன் மாமா. உயிரோட ஒருவாட்டி கூடப் பார்த்ததில்ல." திரையை முகத்தருகே கொண்டுபோனாள். "அடிக்குது பாருங்களேன். அடிக்குது." படத்தை மறுபடி ஓடவிட்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "கெணத்துல எவ்ளோ இருக்கும்?"

யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். மணி பன்னிரண்டு இருக்கும். சூரியன் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னுதானே சொன்னாங்க?" என்றாள் கனகலதா.

தன்யகுமார் கேமராவைப் பார்த்தார். திரையில் கீறல் விழக்கூடாது என்று மேலே ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை. கையேட்டை எடுக்கவும் போகவில்லை. மூடியெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஒரு கருங்கல் துண்டைச் சேர்த்துக் கட்டி, நைலான் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு இறக்கினார். சிவப்புப் புள்ளி தண்ணீரைத் தொட்டது. உள்ளே போனது. பச்சைக்குள் மறைந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார்.

மேலே இழுத்ததும் துடைக்கக்கூடப் பொறுமையில்லை. சொட்டச் சொட்டக் கிணற்றுச் சுவர்மேல் வைத்து ஓடவிட்டார்கள். முதலில் பாசி பிடித்த கல் வரிசைகள் மேலே ஏறிப் போயின. பிறகு இருட்டுப் பச்சை. கயிறு முறுக்கு அவிழ, கேமரா மெல்லத் திரும்பியது. வெயில் விழுந்த பக்கம் வந்தது.

மேலிருந்து அடிவரை ஒரு பெரிய வெளிச்சத் தூண் நின்றது. அதற்குள் கோடிக்கணக்கில் பொறிகள். தூசியாக இருந்தால் மிதக்கும், ஒரே பக்கம் போகும். இவை ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஒரு குதி மேலே, ஒரு நழுவல் கீழே, மறுபடி ஒரு குதி. தூண் முழுக்க அப்படியே துடித்துக்கொண்டிருந்தது. கேமரா திரும்பத் திரும்ப, வெளிச்சத்துக்கு அப்பால் நிழலிலும் மங்கலாக அதே அசைவு தெரிந்தது. முடிவு தெரியவில்லை.

தெருவில் பெங்களூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வீடியோ முடிந்து திரை கறுத்தபிறகும் அன்புச்செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்யகுமார் கிணற்றுச் சுவரில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, பதினெட்டு வருடமாகத் தன்னுடையது என்று பத்திரத்தில் எழுதி வைத்திருந்த அந்தத் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"மாமி, திங்கக்கெழம பிள்ளைங்களக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கடைசியில் கேட்டாள் அன்புச்செல்வி. "நாப்பது பேரு."

"தாராளமா கூட்டிட்டு வா" என்றாள் கனகலதா. "பத்துப் பத்துப் பேரா அனுப்பு. நானே காட்டறேன்."

தன்யகுமார் கயிற்றை அவிழ்த்து, ஈரத்தோடு கேமராவை மனைவி கையில் கொடுத்தார்.