மூன்றாம் ஹாலில் இருநூற்று இருபது வாட்

மனிதர்களை நம்பாவிட்டாலும் மீட்டரை நம்புகிறவள் நான். என்னிடம் யாராவது பொய் சொன்னால் கோபம்கூட வருவதில்லை. டேட்டா சென்டர் மேனேஜர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அழகாகச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

நாங்குநேரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அந்த டேட்டா சென்டருக்கு மின்சார ஆடிட் செய்ய இரண்டாவது வருடமாகப் போயிருந்தேன். வேலை எளிது. கட்டடம் முழுவதும் இழுக்கும் மின்சாரத்தை, கம்ப்யூட்டர்கள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். விடை ஒன்றை நெருங்க நெருங்கச் சிக்கனம். விளக்கும் ஏசியும்தான் அதை ஒன்றிலிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

அதனால் அளக்கிற நாளில் மேனேஜர் வில்சன் ஒரு வேலை செய்வார். இன்னும் கம்ப்யூட்டர் வைக்காத மூன்றாம் ஹாலில் விளக்கை அணைத்து, பலகை போட்டு உயர்த்திய தரைக்கு அடியில் கேபிள் போகும் துளைகளை ஆள் விட்டு அடைத்து, கதவைப் பூட்டிவிடுவார். ஒரே ஒரு குளிரூட்டி மட்டும் பேருக்கு ஓடும். ஆட்கள் வரிசையில் நின்றால் நேரமாகும் என்று, எல்லோரும் வெளியேறிவிட்டதாகப் பதிவேட்டில் அவரே மொத்தமாகக் கையெழுத்தும் போட்டுவிடுவார். வகுப்பில் நண்பனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொல்வது மாதிரி.

பதினொரு மணிக்கு மூன்றாம் ஹாலின் கணக்கு இடித்தது. உள்ளே போகும் மின்சாரம் அறுநூறு வாட். குளிர்நீர்க் குழாய் வெளியே கொண்டுவரும் வெப்பம் எண்ணூற்று இருபது. சுவர் வழியே வருவதைக் கழித்த பிறகு வந்த எண் அது. இருநூற்று இருபது வாட் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

“உள்ள ஏதும் ஓடுதா சார்?” என்றேன்.

“எலிகூடக் கெடயாது மேடம். நீங்க எழுதுங்க.”

சும்மா கிடக்கும் ஓர் ஆளின் உடம்பு ஏறக்குறைய நூற்றுப் பத்து வாட் வெப்பம் விடும். கல்லூரியில் படித்தது. இரண்டு ஆள் கணக்கு என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரு மணிக்கு அது இருநூறாக இறங்கியது. ஒன்றரைக்கு நூற்றுத் தொண்ணூறு. நான் சாப்பிட வெளியே வந்தேன். வாசலில் ஒரு பெண் தூக்குச்சட்டியோடு நின்று காவலரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். எலக்ட்ரீசியன் சுடலைமணியின் மனைவி நித்யா.

“தரைக்கு அடியில ஓட்டை அடைக்கணும்னு காலைல எட்டு மணிக்கு வந்தாவ. போன எடுக்கவே மாட்டுக்காவ. கொஞ்சம் உள்ள பாருங்க அண்ணாச்சி.”

“அவரு போயிட்டாரும்மா. கையெழுத்து இருக்கு பாரு.”

அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். பசி போய்விட்டது. திரும்பி வந்து வில்சனிடம் சாவி கேட்டேன்.

“இப்பத் தொறந்தா எண் கெட்டுரும் மேடம். இன்னும் மூணு மணி நேரம்தான.”

“சாவியக் குடும் வே!” என்று கத்தினேன். ‘சார்’ என்று கூப்பிடும் மேனேஜரை ‘வே’ என்றது அதுதான் முதல் தடவை.

ஹாலில் இருட்டும் குளிரும்தான் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பதில் இல்லை. வில்சன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்போது காலுக்குக் கீழே யாரோ தட்டினார்கள். மூன்று தடவை, நிதானமாக.

காலி அலமாரி ஒன்றை யாரோ அந்தத் தரைப்பலகை மேல் நகர்த்தி வைத்திருந்தார்கள். அதைத் தள்ளிப் பலகையைத் தூக்கினோம். சுடலைமணி மல்லாந்து கிடந்தார். குழாயில் இடித்த நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. உதடு நீலம். உயிர் இருந்தது, நினைவு இல்லை. கைகள் இரண்டும் நெஞ்சின் மேல் விறைத்திருந்தன. அந்தக் கைகளால் தட்டியிருக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆம்புலன்சில் ஏற்றும்போது கண் திறந்தார். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மனைவியைப் பார்க்கவில்லை. கட்டடத்தையே பார்த்தார்.

“கொம்பையா அண்ணனையும் தூக்குங்க. குளிருதுன்னேன்... மடியில போட்டு அணைச்சுக்கிட்டே இருந்தாவ. அவிய இன்னும் உள்ளதான் இருக்காவ.”

நித்யாவின் அழுகை சட்டென்று நின்றது.

“கொம்பையா யாரு?” என்று நித்யாவிடம் கேட்டேன்.

“இவியகூட வேல பாத்தவிய. போன வருசமே செத்துட்டாவ மேடம். இதே ஹாலுக்குள்ளதான் கெடந்தாவ. ஆடிட்டு முடிஞ்ச மறுநாளு தொறந்து பாத்திருக்காவ. நெஞ்சுவலின்னு சொல்லிட்டாவ.”

வில்சன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

ஆம்புலன்ஸ் போனதும் ஹாலின் மூலைமுடுக்கெல்லாம், தரைக்கு அடியிலும், விளக்கடித்துப் பார்த்தேன். யாரும் இல்லை. நானே பூட்டி, சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் காத்திருந்து திரையைப் பார்த்தேன். உள்ளே போவது அறுநூறு. வெளியே வருவது எழுநூற்றுப் பத்து.

போன வருட அறிக்கையை லேப்டாப்பில் திறந்தேன். மூன்றாம் ஹால்: காலை பதினொன்று, நூற்றுப் பத்து வாட் அதிகம். பகல் இரண்டு, தொண்ணூறு. மூன்று, அறுபது. மாலை ஐந்து, ஒன்றுமில்லை.

எதிரில் நான் தட்டச்சு செய்த குறிப்பு இருந்தது: ‘கருவிப் பிழை. மாலைக்குள் தானே சரியாகிவிட்டது.’