பாகுஸ், ஆன்டி

ஏதோ பெரிய தப்பாகத்தான் சொல்லிவிட்டோம் என்று வீரம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி சிரிப்பை மறைக்க, விழாத பென்சிலைக் குனிந்து தேடினாள். ஆனால் மலாய் சொல்லித்தரும் லியோனல் சார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "பாகுஸ், ஆன்டி," என்றார். மலாயில் நல்லது என்று அர்த்தம். எட்டு சனிக்கிழமைகளாக அவள் வாயிலிருந்து எது விழுந்தாலும் பாகுஸ்தான்.

வீரம்மா கிள்ளான் பாசாரில் முப்பது வருஷமாக மீன் வெட்டிக் கொடுக்கிறவள். சிரிப்பை எடைபோடத் தெரியாதவர்கள் அந்த இடத்தில் காலம் தள்ள முடியாது. நேற்றைய மீனை வைத்திருப்பவன்தான் இன்றைக்கு அதிகம் சிரிப்பான்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்புப் பத்திரம் எடுக்க அப்பனுக்கு நேரம் வாய்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் கையில் நிரந்தரவாசியின் சிவப்பு ஐசி, அடையாள அட்டை. ஒவ்வொரு தேர்தலன்றும் வீட்டில் எல்லார் விரலிலும் மை இருக்கும். அவள் விரலில் மீன் செதில் இருக்கும். நான்கு வருஷத்துக்கு முன்பு குடியுரிமைக்குப் பேட்டிக்குப் போனாள். மலாய் போதவில்லை என்று கடிதம் வந்தது. தினமும் மலாய் பேசியே சோறு தின்கிறவளுக்கு மலாய் போதவில்லையாம். எது போதவில்லை என்று கடிதத்தில் இல்லை. வரும் பதினான்காம் தேதி மறுபடியும் பேட்டி. அதற்காகத்தான் வாராவாரம் கொமூட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை மாடியில் நடக்கும் இந்த வகுப்புக்கு வருகிறாள். இலவச வகுப்பு. இலவசம் என்றபோதே பாதிச் சந்தேகம் வந்தாயிற்று.

மீதிப் பாதியை லியோனல் சாரே முதல் வாரம் கொடுத்தார். பலகையில் ஒரு தலையை வரைந்து, அதற்குள் ஒரு சல்லடையை வரைந்தார். மனசுக்குள் ஒரு பில்டர் இருக்கிறதாம். பயந்தால் அது அடைத்துக்கொள்ளுமாம். அடைத்தால் மொழி உள்ளே இறங்காதாம். ஆகவே இந்த வகுப்பில் யாரும் யாரையும் திருத்தப்போவதில்லை, குழந்தை தாய்மொழியைப் பிடித்துக்கொள்வது போல மொழி தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றார். வீரம்மா காதில் பில்டர் மட்டும்தான் விழுந்தது. போன வருஷம் அவளுடைய அடுக்குமாடிக்குத் தண்ணீர் பில்டர் விற்க வந்தவனுக்கும் இதே வெள்ளைச் சட்டை, இதே பல்வரிசை. ஒரு மாதம் சும்மா வைத்துப் பாருங்கள் என்றான். அதைக் கழற்றிக்கொண்டு போகவைக்க அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். சிரிப்புக்குப் பின்னால் அச்சடித்த பாரம் ஒன்று வரும், கையெழுத்துக் கேட்கும் என்று காத்திருந்தாள்.

ஒன்பதாம் வாரம் பாரம் வந்தது. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, தேதி மட்டும் போடவேண்டாம், அதை அவரே போட்டுக்கொள்வார் என்று லியோனல் சார் சொன்னார்.

வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று வீரம்மா அதை மடித்துப் பையில் வைத்தாள். திரும்பும் ரயிலில் ராதாகிருஷ்ணன் படித்துச் சொன்னார். லோரி ஓட்டி ஓய்ந்தவர், அவரும் சிவப்பு ஐசி, பக்கத்து அறையில் விவியன் டீச்சரிடம் படிக்கிறவர். ஒவ்வொரு தப்புக்கும் மேசையில் ரூலரால் ஒரு தட்டுத் தட்டுகிற டீச்சர்.

"ஆராய்ச்சிக்கு நீங்க ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கு. உங்களுது திருத்தாத குரூப்பு-லா. எங்களுது திருத்துற குரூப்பு. எது நல்லாப் பேசுதுன்னு பாத்து அந்தத் தம்பி டாக்டர் பட்டம் வாங்கப் போறாரு."

"அப்ப நான் கழுவாத மீனு, நீங்க கழுவின மீனு."

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குமுன்பே கையெழுத்துப் போடாத பாரத்தை மேசையில் வைத்தாள். அன்றைக்குப் பக்கத்து மேசைக்காரி எதற்குப் பென்சில் தேடினாள் என்று கேட்டாள். லியோனல் சார் கதவைப் பார்த்துக்கொண்டு, பதினாறாம் தேதியோடு ஆய்வு முடிகிறது, இடையில் திருத்தினால் டேட்டா கெட்டுவிடும், பதினேழாம் தேதி ஒன்றுவிடாமல் சொல்லித் தருகிறேன் என்றார்.

"எனக்குப் பேட்டி பதினாலாம் தேதி, தம்பி." சார் என்பது எப்போது தம்பியானது என்று அவளுக்கே தெரியவில்லை. "மீன் வெட்டும்போது பித்தப்பை ஒடைஞ்சா, கசக்கும்னு வாங்குறவங்ககிட்ட சொல்லிடுவேன். சிரிச்சுக்கிட்டே பொட்டலம் கட்டித் தரமாட்டேன்."

லியோனல் சாரின் கண்கள் விரிந்தன. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கடைசியில், திரும்பும் ரயிலில், விஷயத்தை உடைத்தவர் ராதாகிருஷ்ணன்தான். "அந்த 'லு'தான்-க்கா. எல்லாரையும் லு, லுங்கிறீங்க. ஆபீசர்கிட்ட அப்படிச் சொன்னா, நாம 'டேய்'னு கூப்புடுற மாதிரி. பொம்பள ஆபீசருன்னா மரியாதையா புவான்னு சொல்லணும்."

"முப்பது வருஷமா அப்படித்தான கூப்புடுறேன்?"

"மீன் வாங்க வர்றவங்க மீனத்தான பாப்பாங்க."

போன பேட்டியில் அந்த ஆபீசரை எத்தனை 'டேய்' போட்டிருப்போம் என்று வீரம்மா எண்ணிப் பார்த்தாள். ஷா ஆலாம் தாண்டியும் எண்ணி முடியவில்லை. ஆனால் இந்த மனிதரை மட்டும் எப்படி நம்புவது? சரியாகப் பேசுவது எப்படி என்று ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள். ராதாகிருஷ்ணன் வாயைத் திறந்தார். தலைக்கு மேல் ரூலர் தெரிந்தது போலிருக்கிறது, மூடிக்கொண்டார். எது தப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பேச்சு மட்டும்தான் வராது.

பதினான்காம் தேதி, மேசைக்கு அந்தப் பக்கம் முக்காடு போட்ட ஓர் இளம் ஆபீசர். என்ன வேலை என்று கேட்டார். "சாயா போத்தோங் ஈக்கான், புவான்," என்றாள் வீரம்மா, மீன் வெட்டுகிறேன் என்று. புவான் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. வீட்டில் எத்தனை பேர் என்பதற்கும் புவான் தப்பாமல் வந்தது. பிறகு ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கறிக்கு எந்த மீன் நல்லது என்று கேட்டார். பேட்டியா, பேச்சா என்று யோசிப்பதற்குள் வீரம்மாவின் வாய் பாசாருக்குப் போய்விட்டது. தெங்கிரிதான் நல்லது, ஏழு மணிக்குள் வரவேண்டும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது, லு வந்தால் நானே பார்த்து—

அங்கேயே நின்றாள்.

ஆபீசர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சிரித்தார்.

"பாகுஸ்," என்றார்.

பேனாவை எடுத்துக் குனிந்து எழுதினார். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது: ஒரு கோடு கீழே இறங்கியது, இன்னொன்று மேலே ஏறியது. சரிக்குறியா, தப்புக்குறியா என்று பிடிபடவில்லை. காலையில் மூன்று தடவை சோப்புப் போட்டும் இடது ஆள்காட்டி விரல் நகத்தோரத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல், வீரம்மா அதைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.