காய்ச்சல் விட்ட நாள்

மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்த விஜயன் தலையில் மூன்றாவது குடம் தண்ணீரையும் கொட்டினார்கள். வாசலில் அவன் அப்பா தேசப்பனுக்குப் பாடை தயாராக இருந்தது. மூத்த மகன் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டி தூக்கினால்தான் செத்தவருக்கு நல்ல கதியாம். நல்ல கதி! உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனை ஒருத்தராவது ஒழுங்காகப் பார்த்தார்களா என்று மருமகள் நிர்மலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமனார் படுத்த அன்றே அவள் சொன்னாள், ரத்தம் பார்க்கலாம் என்று. யார் கேட்டார்கள்? டெங்கு ஐப்பசி மழையில் வரும், சின்னப் பிள்ளைகளுக்கு வரும். சித்திரை வெயிலில் அறுபது வயது ஆளுக்கு எங்கிருந்து வரும் என்று அவருடைய அண்ணன் பெருமாள் ஒரே போடாகப் போட்டார். கடையில் வலி மாத்திரை வாங்கித் தந்ததும் அவரே. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து தெரு முழுக்க டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்திருந்தார்கள். கொசுவுக்கு மழை எதற்கு?

ஐந்தாம் நாள் உடம்பு ஜில்லென்று ஆனது. காய்ச்சல் விட்டது என்று ஆளாளுக்குச் சிரித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கறிக்குழம்பும் சோறும் போட்டார்கள். அன்று சாயங்காலமே ரத்த வாந்தி. "காய்ச்சல் விடும்போதுதாம்மா ஆபத்தே. இப்பல்லாம் கோடையிலயும் வருது, பெரியவங்களுக்கும் வருது" என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

விஜயன் தலையைத் துவட்டிக்கொண்டே அவளிடம் வந்தான்.

"நிம்மி, காலையிலருந்தே காய்ச்சல் இல்ல. விட்டுருச்சு. வயிறு மட்டும் வலிச்சிகினே கீது."

நிர்மலா அவன் நெற்றியைத் தொட்டாள்; மாமனாருக்கு ஆன மாதிரியே ஜில்லென்றிருந்தது. கொள்ளிச்சட்டியை எடுத்து கொழுந்தன் ஆகாஷ் கையில் கொடுத்தாள்.

"நீ தூக்கு ஆகாஷ். நான் இவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்."

"அப்பனுக்கு மூத்தவன்தாம்மா கொள்ளி வைக்கணும்! ஊரே காறித் துப்பும்!" பெருமாள் கத்தினார்.

"துப்பட்டும் பெரிய மாமா. நாளைக்கு இவரையும் தூக்கணுமா உங்களுக்கு?"

மேளம் நின்றுபோனது. "நைனாவ வுட்டுட்டு எப்டி வரது?" என்று விஜயன் கெஞ்சினான். மலைக்கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி அவனைப் பிடித்து உள்ளே தள்ளினாள். தீட்டு என்று இரண்டு பேர் இறங்கிக்கொண்டார்கள். ஆட்டோ கிளம்பியதும் பின்னால் மேளம் மறுபடி தொடங்கியது. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவளுக்கும் அப்போதுதான் மாமனாரை நினைத்து அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் பெண் அவனுடைய ஈர வேட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்க, விட்டுருச்சு" என்றான் விஜயன்.

"அதனாலதான் இட்டாந்தேன்" என்று நிர்மலா அவன் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள்.