சாந்தகுமாரியின் கண்

விஸ்வத்துக்கு மண்டைக்கனம் ஏறியதே அந்தக் கருவியால்தான். திருப்பூரிலிருந்து கடல் தாண்டி, கிரியோல் மொழி பேசுகிற தீவில் பீனிக்ஸ் ஊர்த் துணி ஆலைக்கு வேலைக்கு வந்தவன் அவன். கருவியைக் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டவைத்து, நிறம் நிறமாக அளந்து, அந்தத் திரைக்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு நிறத்திருத்தம், அதாவது புரொஃபைல், தயாரிப்பான். அப்புறம் திரையில் தெரிகிற நிறம்தான் துணியிலும் விழும். டிசைன் அறையில் ஒரே மாதிரி இரண்டு திரைகள். ஆளுக்கொரு சட்டை மாதிரி திரைக்கொரு புரொஃபைல்.

திரையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்கிறவள் சாந்தகுமாரி. பக்கத்து ஊர் சேன் பியேரில் பிறந்தவள், வீட்டில் கிரியோல்தான். விஸ்வத்திடம் மட்டும், தம்பி என்ற பிரியத்தில், கோயில் வகுப்பில் படித்த தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவாள்.

அந்த வருஷம் புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறியதும் ஜன்னலோரத் திரைகளைக் கழற்றி, பிளாஸ்டிக் சுற்றி உள்ளறையில் வைத்தார்கள். புயல் போனதும் யாரோ தூக்கி வந்து மாட்டினார்கள். விஸ்வம் மறுபடி அளந்திருக்க வேண்டும். அரை மணி வேலை. ஆர்டர் குவிந்து கிடக்கிறதே, புயல் நிறத்தையா மாற்றிவிடும் என்று விட்டுவிட்டான், மகானுபாவன்!

ஒரு ஹோட்டலின் கடற்கரைத் துணிக்குப் பவள நிறம் கேட்டிருந்தார்கள். சாந்தகுமாரி அவர்கள் கொடுத்த மாதிரித் துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அயோ தம்பி, சிவப்பு ரொம்ப. இந்த எக்ரான் சரியில்லே போல."

"அளந்து வச்சிருக்கேன் அக்கா. திரை பொய் சொல்லாது. நீங்க சிவப்பைக் குறைங்க."

குறைத்தாள். துணி வெளிறிப்போய் வந்தது. ஹோட்டல்காரன் அத்தனையையும் திருப்பி அனுப்பினான். மேனேஜர் ரேமோன் எல்லோர் முன்னாலும் கத்தியபோது விஸ்வம் அரைகுறைக் கிரியோலில் சொன்னான்: திரையில் தப்பில்லை, அக்காவுக்கு வயசாகிறது, கண் போய்விட்டது. சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான். சாந்தகுமாரி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து அறைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது திரைகளை நகர்த்தினார்கள். பின்பக்கத்தில் தான் எழுதிவைத்திருந்த மேஜை எண்ணை அப்போதுதான் பார்த்தான் விஸ்வம். முதல் மேஜைத் திரை இரண்டாவது மேஜையில், இரண்டாவதன் திரை முதலில். ஒன்றின் புரொஃபைல் இன்னொன்றுக்கு! நேரே ரேமோனிடம் போய்ச் சொன்னான். "அவளைக் கூட்டிக்கொண்டு வா" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சேன் பியேருக்குப் போனான். சாந்தகுமாரி முகம் மலர்ந்து டீ கொடுத்தாள். தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"தப்பு என்னுது அக்கா. உங்க கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு. திரும்பி வாங்க."

அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மோகாவிலே ஒரு ஆலை என்னைக் கூப்பிட்டது, தம்பி. கலர் ரூம் முழுக்க என் கையிலே. கண்ணு போச்சு, முடியாது சொன்னேன். வேற ஆள் வந்தாச்சு."

"ஐயோ! ஒரு டாக்டரைப் பார்த்திருக்கலாமே, அக்கா?"

"பார்த்தேன். கண்ணு நல்லாயிருக்கு சொன்னார். நான் நம்பலே." டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். "நீ சொன்னியே, தம்பி."