மஞ்சள் கரு

அறுபத்து நாலாம் வருஷம் என் வீட்டுக்காரர் அமிர்தராஜுக்கு நெஞ்சுவலி வந்தது. பொன்மலை ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடிக்கிறவர். உழைக்கிற உடம்பு என்று தினம் ஒரு முட்டை அவித்து வைப்பேன். முட்டை ஆம்பளைக்குத்தான் என்பது என் மாமியார் காலத்துச் சட்டம். எங்கள் மகள் லூர்துவுக்கு ஒன்பது வயது. அவர் தின்று முடிக்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு விள்ளல் கொடுத்ததில்லை, மகராசன்.

புத்தூர் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது, மஞ்சள் கரு வேண்டாம், வெள்ளையை மட்டும் சாப்பிடுங்கள் என்றார். மஞ்சள் கரு ரத்தக்குழாயை அடைத்துவிடும் என்று பயமுறுத்தியும் அனுப்பினார்.

மறுநாள் காலை இவர் மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்து லூர்து தட்டில் போட்டார். அந்தப் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா தன் பங்கையே தனக்குக் கொடுக்கிறார் என்று ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கோ வயிறு எரிந்தது. தனக்கு ஆகாது என்றதும்தான் மகள் ஞாபகம் வந்ததா இந்த மனுஷனுக்கு?

பிள்ளைக்கும் கெடுதல் வருமோ என்று பயந்து, லூர்துவை அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ரத்தமே இல்லம்மா. மஞ்சக்கருவை நிறுத்திடாதீங்க. அவ்வளவும் சத்து" என்றார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். தொடர்ந்து கொடுப்பாரே என்ற ஆசையில், டாக்டர் சொன்னதை அப்படியே இவரிடம் ஒப்பித்தேன்.

"அவளுக்குச் சத்து, எனக்கு மட்டும் விஷமா? அந்த ஆளு என்னை ஏமாத்தியிருக்கான்" என்றார்.

அவர் உடம்புக்கு வேறு, வளர்கிற பிள்ளைக்கு வேறு என்று எவ்வளவோ சொன்னேன். காதில் ஏறவில்லை.

அடுத்த நாள் முட்டையை முழுசாகத் தின்றார். லூர்து தட்டை நீட்டியபடியே நின்றாள். அவர் கை கழுவப் போனதும் என்னிடம் வந்தாள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

மாதாவே! அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ரோசரி, நாளையிலேருந்து எனக்கு ரெண்டா அவி" என்று கொல்லையிலிருந்து இவர் சொன்னார்.

மறுநாள் ரெண்டாகவே அவித்தேன். அந்த டாக்டர் சொன்னது இவர் விஷயத்தில் மெய்யாகட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் அவித்தேன்.